வாயால் கொடுத்த ஷாக்

உள்ளே விசாரணை இன்னும் முடியவில்லை அக்கா. இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள், அங்கே காற்று வராது. உங்களை இப்போதைக்குக் கூப்பிட மாட்டார்கள். முதலில் என் வகுப்பு பிரிஸ்காவும் அவள் அப்பாவும். அவர்கள்தான் உள்ளே இருக்கிறார்கள். அடுத்து நான். அதற்கப்புறம்தான் நீங்கள். பயப்படாதீர்கள், உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்க மாட்டார்கள். 'எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை' என்று ஒரு தாளில் அடித்து வைத்திருப்பார்கள், கையெழுத்துப் போடச் சொல்வார்கள். படிக்காமல் போடாதீர்கள். வேண்டுமானால் நான் படித்துக் காட்டுகிறேன்.

என் கையிலிருக்கிற தாளையா பார்க்கிறீர்கள்? அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

ஆமாம், அந்தப் பெண் நான்தான். அரசி. முழுப்பெயர் மங்கையர்க்கரசி, நர்சிங் மூன்றாம் வருஷம். ஆஸ்பத்திரியில் உங்கள் வீட்டுக்காரர் விழுந்த அன்றைக்குக் கத்தியது நான்தான். "உன் சத்தம் சீட்டுப் போடுற வரிசை வரைக்கும் கேட்டுச்சும்மா" என்று வாசலில் சொன்னீர்களே. கேட்கும். என் குரல் அப்படி. காலேஜ் பட்டிமன்றத்தில் எனக்கு மட்டும் மைக்கைத் தள்ளி வைப்பார்கள்.

நன்றியெல்லாம் வேண்டாம் அக்கா. கையை இறக்குங்கள். முதலில் விஷயத்தைக் கேளுங்கள். இந்தக் காலேஜில் நடக்கிற அநியாயத்தை யாராவது ஒருவர் வெளியாளிடம் சொல்லியாக வேண்டும்.

பிரிஸ்காவுக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'பொறுப்பிலிருந்த சக மாணவியைப் பிடித்துத் தள்ளிவிட்டு, அனுமதியின்றி உயிர்காக்கும் இயந்திரத்தை இயக்கினார்.' அதற்காக ஒரு வருஷம் நிறுத்தி வைக்கப் போகிறார்களாம். ஒரு வருஷம்! அவள் அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் படகு இன்ஜின் பார்க்கிறவர். பெண் ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் அவர் என்ன செய்வார்? கட்டிக்கொடுத்துவிடுவார். அப்புறம் அவள் இந்தப் படியை மிதிக்க மாட்டாள். பிரிஸ்காவே அழாமல் சொன்னாள், "மாப்பிள்ள கூட ரெடியா இருக்கான்ட்டி, அத்தை மவன்" என்று. அவளுக்கு எதையும் பெரிதாகச் சொல்லத் தெரியாது. எல்லாவற்றையும் பேருந்து நேரம் சொல்கிற மாதிரி சொல்வாள்.

தப்பு யாருடையது? அதைத்தான் இந்தத் தாளில் ஐந்து குறிப்பாக எழுதி வைத்திருக்கிறேன். உள்ளே போனதும் படிக்கப் போகிறேன். யார் தடுத்தாலும் படிப்பேன்.

அந்த இயந்திரத்தை நீங்கள் பார்த்தீர்களா? டிபிபிரிலேட்டர் என்று பெயர். மதியச் சாப்பாட்டுப் பை அளவுதான் இருக்கும். மனிதனுக்கு இதயம் சில நேரம் நின்றுபோகாமல், வெறுமனே நடுங்க ஆரம்பித்துவிடும். நடுங்குகிற இதயம் ரத்தத்தைத் தள்ளாது. அப்போது நெஞ்சில் இரண்டு பட்டைகளை ஒட்டி மின்சாரம் கொடுத்தால், நடுக்கம் நின்று மறுபடி ஒழுங்காகத் துடிக்கும். இயந்திரமே இதயத்தைப் பார்த்துவிட்டு, ஷாக் வேண்டுமா வேண்டாமா என்று இங்கிலீஷில் சொல்லும். வேண்டும் என்றால் ஒரு பட்டன் மின்னும். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அதை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். ஒரு குழந்தை கூடச் செய்யலாம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது.

எங்கள் லேபில் ஒன்று இருக்கிறது. எங்கே இருக்கிறது? கண்ணாடி அலமாரிக்குள்ளே, பூப்போட்ட பிளாஸ்டிக் உறை மாட்டி. சாவி பிரின்சிபால் மேடத்திடம். ஆய்வுக்கு ஆட்கள் வந்தால் உறையைக் கழற்றுவார்கள், போனதும் மாட்டுவார்கள். ஒட்டுகிற பட்டையைப் பிரித்தால் வீணாகிவிடுமாம். இது என் முதல் குறிப்பு.

பயிற்சி எதில் தெரியுமா? செருப்புப் பெட்டியில். உமா மேடம் என்று எங்கள் டியூட்டர், நல்லவர்தான், பெட்டிக்கு வெள்ளைத் தாள் ஒட்டி, இரண்டு அட்டைத் துண்டைக் கயிற்றில் கட்டி அதுதான் பட்டை என்றார். பட்டனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துப் பெட்டி மேல் ஒட்டிவிட்டார். சிரிக்காதீர்கள் அக்கா. சரி, சிரியுங்கள், நாங்களும் சிரித்தோம். கீழே படுத்திருப்பது ரப்பர் பொம்மை, இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது. அதற்கு நாங்கள் மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தோம். அறுபது பேர் வரிசையாக வந்து மாப்பிள்ளைக்கு உயிர் கொடுத்தோம்.

இருபது பேர் அழுத்தியதிலேயே பொட்டு விழுந்துவிட்டது. என் முறை வந்தபோது வெறும் பெட்டி.

"மேடம், பொட்டு இல்லை."

"இருக்கிறதா நினைச்சு அமுக்கு."

"இல்லாததை எப்படி மேடம் அமுக்குறது? அது நடிப்பு. 'ஷாக் கொடுத்தாச்சு'ன்னு வாயால சொல்லுறதுதான் நேர்மை. செக்லிஸ்ட்டைப் பாருங்க, 'சொல்கிறார்'னுதான் போட்டிருக்கு. 'அழுத்துகிறார்'னு போடலையே!"

மேடம் செக்லிஸ்ட்டைப் பார்த்தார். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு படிக்கும் அரை மதிப்பெண். எல்லாரையும் விலகச் சொல்கிறார், அரை. ஷாக் கொடுத்ததைச் சொல்கிறார், அரை.

"ஒங்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமாட்டி? சரி, எல்லாரும் வாயாலயே சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள முடியணும்."

வகுப்பே கைதட்டியது. எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை. ஒரு விதியை வாதாடி மாற்றுவது சின்ன விஷயமா? அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் யாரும் எதையும் அழுத்தவில்லை. ராகம் போட்டுச் சொல்வோம். "நான் தள்ளி நிக்கேன், நீங்க தள்ளி நில்லுங்க, எல்லாரும் தள்ளி நில்லுங்க, ஷாக் கொடுத்தாச்சு!" விடுதியில் குளியலறைக் கதவைத் தட்டக்கூட அதைத்தான் சொல்வோம்.

பிரிஸ்கா மட்டும் வெறும் பெட்டியை அழுத்தினாள். பொட்டு இருந்த இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினாள். "ஏட்டி, அங்க என்ன இருக்குன்னு அமுக்குத?" என்று எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். "கை பழகணும்லா" என்றாள். அழுத்தின கவனத்தில் வாயால் சொல்ல மறந்துவிட்டாள். அரை மதிப்பெண் போயிற்று. எனக்கு முழு மதிப்பெண்.

இப்படிப் பயிற்சி கொடுத்தால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்! இது இரண்டாவது குறிப்பு.

அன்றைக்கு வெளிநோயாளிப் பிரிவில் நடந்ததைக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்காரர் என் முன்னால்தான் ஸ்டூலில் உட்கார்ந்தார். ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைச் சுற்றினேன். "பாத்து பம்ப் அடிம்மா, நான் உப்பளத்துக்காரன், ஒடம்புல காத்து கெடையாது, உப்புத்தான்" என்றார். நான் சிரித்தேன். ஊதிக்கொண்டே இருக்கிறேன், அவர் என் மேஜை மேல் சாய்கிறார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஸ்டூல் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

அக்கா, நான் சரியாகத்தான் செய்தேன். எதையும் விடவில்லை. தோளைத் தட்டினேன், மூச்சைப் பார்த்தேன், கத்தினேன். பொறுப்பு சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட மாடிக்கு ஓடினார். ஓடும்போது "அரசி, மிஷின் ஒன் பொறுப்பு!" என்றார். பக்கத்து மேஜையிலிருந்த பிரிஸ்கா ஒரு வார்த்தை பேசாமல் வந்து நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள். நான் சுவரிலிருந்த இயந்திரத்தை எடுத்து வந்தேன். சட்டையை வெட்டினேன். பட்டையை ஒட்டினேன், வலப்பக்கம் மேலே, இடப்பக்கம் கீழே. நிஜப் பட்டையை வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொடுகிறேன், ஆனாலும் கோணல் இல்லாமல் ஒட்டினேன். இயந்திரம் பார்த்துவிட்டு ஷாக் வேண்டும் என்றது. உள்ளே விசில் மாதிரி ஒரு சத்தம் ஏறிக்கொண்டே போனது. பட்டன் மின்ன ஆரம்பித்தது.

கத்தினேன். நான் தள்ளி நிக்கேன், நீங்க தள்ளி நில்லுங்க, எல்லாரும் தள்ளி நில்லுங்க, ஷாக் கொடுத்தாச்சு! கூட்டம் அப்படியே பின்வாங்கியது. பிரிஸ்கா கையை எடுத்தாள்.

ஒரு செகண்ட் தாமதம் ஆயிற்று. அவ்வளவுதான். ஒரு செகண்ட். பழக்கதோஷம். வாயால் சொன்னால் முடிந்துவிட்டது என்று உடம்பு பழகியிருக்கிறது. யார் பழக்கினார்கள்? நானா பழக்கினேன்? அதற்குள் பிரிஸ்கா முழங்கையால் என்னை ஒரு தள்ளு. நான் மல்லாந்து விழுந்தேன். இதோ பாருங்கள், தழும்பு. அவள் அழுத்திவிட்டாள். அவர் உடம்பு ஒரு தரம் தூக்கிப் போட்டது. அப்புறம் அவள் மறுபடி நெஞ்சை அழுத்த, டாக்டர் வர, கொஞ்ச நேரத்தில் அவர் இருமினார். இருமியதும் நான் அழுதுவிட்டேன்.

இது நடந்து மூன்று வாரம். மூன்று வாரமாக எனக்குத் தூக்கம் கிடையாது அக்கா. சிக்னலில் மஞ்சள் விளக்கு மின்னினால் தலையைத் திருப்பிக்கொள்கிறேன். நேற்று விடுதியில் யாரோ செல்போனைச் சார்ஜில் போட்டிருந்தார்கள், அதில் ஒரு சின்னப் புள்ளி மின்னியது. வெளியே போய் நின்றுகொண்டேன்.

அவர் எப்படி இருக்கிறார்? நெஞ்செலும்பு வலிக்கத்தான் செய்யும், அது அழுத்தியதால். ஆறிவிடும். சாப்பிட்டதை மறந்து இரண்டாவது தரம் கேட்கிறாரா? எத்தனை நாளாக? அக்கா, அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. நாலைந்து செகண்டில் மூளைக்கு ஒன்றும் ஆகாது. நான் புத்தகத்தில் பார்த்துவிட்டேன், மூன்று புத்தகத்தில். டாக்டரும் சரியாகிவிடும் என்றார் இல்லையா? என்றார்தானே?

ஒரு செகண்ட் என்றா சொன்னேன்? ஒன்று, நாலு, எல்லாம் ஒன்றுதான். அந்த நேரத்தில் யார் எண்ணிக்கொண்டிருந்தார்கள்?

கேட்கிறதா? அது பிரிஸ்காவின் அப்பா. "எழுதிக் குடுத்துட்டா விட்ருவீங்களா மேடம்?" என்கிறார். அவளிடம் மன்னிப்புக் கடிதம் கேட்கிறார்கள். அவள் எழுதிவிடுவாள், எனக்குத் தெரியும். 'நான் செய்தது தப்பு' என்று அவள் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் யார் என்ன பேசினாலும் நிற்காது. கையெழுத்து கையெழுத்துதான்.

புகார் கொடுத்தது யாரா? அதாவது, புகார் என்று சொல்ல முடியாது. அன்று சாயங்காலம் உமா மேடம், "முழங்கையில என்னட்டி ரத்தம்?" என்று கேட்டார். "பிரிஸ்கா தள்ளிட்டா மேடம்" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? "எதுவானாலும் எழுதிக் கொடு" என்றார். எழுதினேன். ஒன்றரைப் பக்கம். எனக்கு எழுத வரும், அது என் குற்றமா? அவளுக்கு மெமோ கொடுங்கள் என்று அதில் ஒரு வரி காட்டட்டும் பார்ப்போம்! பொறுப்பு எனக்குக் கொடுக்கப்பட்டது, அவள் என்னைத் தள்ளினாள், அவள் இயக்கினாள். மூன்றும் உண்மை. நான் அழுத்தினேனா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு யாராவது பதில் எழுதுவார்களா? மறுநாள் அறிவிப்புப் பலகையில் என் பெயரைப் போட்டு, உயிர் காத்த மாணவி என்று எழுதிவிட்டார்கள். அதையும் நான் எழுதச் சொல்லவில்லை.

ஏன் தள்ளினாள் என்றா கேட்கிறீர்கள்?

என் முழங்கால் அவர் கை மேல் பட்டுக்கொண்டிருந்தது. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னேன், நான் தள்ளி நிற்கவில்லை. அந்த நேரம் அழுத்தியிருந்தால் எனக்கும் சேர்த்து அடித்திருக்கும். அதனால்தான் முதலில் என்னைத் தள்ளினாள். விழுந்த பிறகு எனக்கு அது புரிந்தது. எழுதும்போது புரிந்துதான் இருந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் காலைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து விழுந்தவள் நான் அக்கா. நோயாளிகள் எல்லாரும் பார்த்தார்கள். கோபம் வராதா?

இருங்கள், என் குறிப்புத் தாளை ஏன் எடுத்தீர்கள், கொடுங்கள். நான் படித்துக் காட்டுகிறேன் என்று சொன்னேனே... ஓ. பத்தாவது வரை படித்திருக்கிறீர்களா? மன்னித்துக்கொள்ளுங்கள். நான் வேறு மாதிரி நினைத்து... சரி, படியுங்கள். ஒன்று, பூட்டிய அலமாரி. இரண்டு, செருப்புப் பெட்டி. மூன்று, செக்லிஸ்ட். நாலு, வெளிநோயாளிப் பிரிவில் டாக்டர் இல்லாதது. ஐந்து, விசாரணை நடத்துகிறவர்களே குற்றவாளிகளாக இருப்பது. ஐந்தாவது எனக்கு ரொம்பப் பிடித்தது.

என்ன அக்கா?

'இதுல நீ எங்கம்மா இருக்க?' என்றால்? நான் எழுதியவள். கீழே கையெழுத்து இருக்கிறதே.

இல்லை. நீங்கள் கேட்பது புரிகிறது.

நான் அழுத்தாமல் இருந்தது பத்து செகண்ட் இருக்கும். பத்துக்கு மேல் இருக்காது என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த இயந்திரம் எல்லாவற்றையும் உள்ளே குறித்து வைத்துக்கொள்ளும், தெரியுமா? எத்தனை மணிக்குத் தயாரானது, எத்தனை மணிக்கு ஷாக் போனது, எல்லாம். இயந்திரங்களைப் பார்க்கிறவர் வந்து அதைத் தாளில் எடுத்து உமா மேடத்திடம் கொடுத்தார். மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அரசி, இது என்னட்டி?" நான் உடனே சொன்னேன், "நீங்கதான மேடம் வாயால சொன்னா போதும்னீங்க." அவர் முகம் வெளுத்துவிட்டது. தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "யாராவது கேட்டா பாத்துக்கலாம்" என்றார். யாரும் கேட்கவில்லை. அவருக்கு வேலை போய்விடும் என்று பயம். எனக்கு... எனக்கும்தான். அந்த வாதத்திலும் நான் ஜெயித்துவிட்டேன், பாருங்கள்.

அந்தத் தாள் இந்த விசாரணைக் கோப்பில் இல்லை. உள்ளே இருக்கிற யாருக்கும் அது தெரியாது. பிரிஸ்காவுக்குக் கூடத் தெரியாது. அவள் தான் அவசரப்பட்டுவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள். "நீ அமுக்கத்தான் போன, நான்தான் பொறுக்காம கைய வச்சிட்டேன், என்னட்டி?" என்று என்னிடமே கேட்டாள். நான் ம் என்றேன்.

இருபத்திரண்டு அக்கா. இருபத்திரண்டு செகண்ட். முப்பது ஆகியிருந்தால் இயந்திரம் ஏற்றி வைத்த மின்சாரத்தைத் தானே இறக்கியிருக்கும், ஷாக்கே போயிருக்காது.

பழக்கதோஷம் எல்லாம் முதல் ஒரு செகண்ட் மட்டும்தான். ஷாக் கொடுத்தாச்சு என்று சொல்லிவிட்டு நான் காத்திருந்தேன். இயந்திரம், மின்னுகிற பட்டனை அழுத்து, அழுத்து என்று சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாதா? கேட்டது. பட்டன் தெரிந்தது. கையை நீட்டினேன். பாதி தூரம் போனது, திரும்பி வந்துவிட்டது. மறுபடி நீட்டினேன். வந்துவிட்டது. பயம் அக்கா. சின்ன வயதில் ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன், அதிலிருந்து எனக்கு மின்சாரம் என்றால்... பொட்டு விழுந்த அன்றைக்குக்கூட, செருப்புப் பெட்டி என்று தெரியும், ஆனாலும் விரலை வைக்கப் பிடிக்கவில்லை. அதனால்தான் வாதாடினேன். நேர்மை, நடிப்பு என்று என்னென்னவோ பேசினேன். பயமாக இருக்கிறது மேடம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் என் கையைப் பிடித்து அழுத்தவைத்திருப்பார். பிரிஸ்கா மூன்று தரம் கத்தினாள், "அமுக்குட்டி! அரசி, அமுக்குட்டி!" என்று. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை. அது நீல நிறமாகிக்கொண்டு வந்தது, அதனால் பார்க்கவில்லை.

என்னைத் திட்டுங்கள் அக்கா.

சாப்பிட்டதை மறப்பது... எனக்குத் தெரியாது. சம்பந்தம் இல்லை என்று நான் சொன்னது புத்தகத்தில் இருப்பது. உங்கள் வீட்டில் இருப்பது எனக்குத் தெரியாது.

கதவு திறந்துவிட்டது. கூப்பிடுகிறார்கள், என் பெயர்தான். ஒரு நிமிஷம் இருங்கள், அந்தத் தாளைக் கொடுங்கள். உள்ளே பிரிஸ்கா மேஜை மேல் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள், தெரிகிறதா? அவள் அப்பா நின்றுகொண்டே இருக்கிறார், யாரும் நாற்காலி கொடுக்கவில்லை. இதைக்கூட ஆறாவது குறிப்பாக... வேண்டாம். இரண்டாவது தரம் கூப்பிடுகிறார்கள். இன்னொரு தரம் கூப்பிடட்டும் அக்கா. இன்னும் ஒரே ஒரு தரம்.

நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள்? எங்கே போகிறீர்கள்? அவர்கள் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

உட்காருங்கள் அக்கா. தயவுசெய்து உட்காருங்கள். அதை நான்தான் சொல்ல வேண்டும்.